பொட்டில்லாத பை

தம்புசாமியைப் பெரிய ஓவியர் என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாரும் சொல்வார்கள். அவரைக் கேட்டால், "நான் ரெயில்வேயில கோடு போட்டவன்" என்பார். உண்மையும் அதுதான். செந்தூல் ரெயில் பட்டறையின் வரைபட அறையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்து, பெட்டிக்கும் சக்கரத்துக்கும் கோடு போட்டுப் பென்ஷன் வாங்கிய மனிதர். படம் வரைவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. கோடு ஒரு நூல் தள்ளிப் போனால் அவருக்குச் சோறு இறங்காது. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். இந்தப் புத்திதான் கடைசியில் அவர் குடியைக் கெடுத்தது. யாரும் சூனியம் வைக்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அவரே கையெழுத்துப் போட்டார். மூன்று இடத்தில், தேதியோடு.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அறுபத்தேழில் வரைந்தது. ரெயில் நிலையத்தில் ஒரு பெண் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து யாருக்கோ காத்திருக்கிறாள். மடியில் டிபன் கேரியர். புகை, தூண், தண்டவாளம் எல்லாம் சாம்பல் நிறம். அவள் சேலை மட்டும் சிவப்பு. அந்தப் பெண் வேறு யாருமில்லை, அவர் சம்சாரம் தனலெட்சுமிதான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அது. ஆறு ஞாயிறு அவளை உட்கார வைத்து வரைந்தார். "இடுப்பு கழண்டு போச்சுங்க, உங்க கைக்கு வேற ஆளே அம்புடலையா" என்று முனகிக்கொண்டே அவளும் உட்கார்ந்தாள்.

ஆறாம் ஞாயிறு படம் முடிந்தது. தனம் எழுந்து வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னாங்க, நெத்திய மூளியா விட்டுட்டீங்க?"

மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியின் பூட்டு, கொக்கி, ஆணி எல்லாவற்றையும் எண்ணி எண்ணி வரைந்தவர் பொட்டை மறந்துவிட்டார். வெட்கத்தை மறைக்க, "அதுக்குத்தான் உனக்காக விட்டு வெச்சேன். நீயே வெச்சுக்க" என்று சாயத் தட்டை நீட்டினார். அவள் மோதிர விரலால் சிவப்பைத் தொட்டு, தன் நெற்றியில் வைப்பது போலவே படத்தின் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் தாலிக்கயிற்றுக்கும் ஒரு மஞ்சள் தீற்றலை அவளே இழுத்துவிட்டாள். தம்புசாமி அந்த இரண்டுக்கும் சுற்றிக் கோடு போடவில்லை. அவள் விரல் பட்டது அப்படியே இருக்கட்டும் என்று ஆசை. முப்பத்துமூன்று வயதுப் புருஷனின் ஆசை, அதில் என்ன தப்பு?

அந்தப் படம் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. பத்திரிகையில் வந்தது. காலண்டரில் வந்தது. அதற்குப் பிறகு அவர் ஐம்பது அறுபது படம் வரைந்திருப்பார். அவற்றில் பத்துப் பன்னிரண்டு, பேர் சொல்லும்படி இருந்தன. ஆனாலும் தம்புசாமி என்றால் ஊருக்கு அந்தச் சிவப்புச் சேலைதான். கடைத்தெருவில் தனம் போனால், "படத்து அக்கா போறாங்க" என்று சொல்வார்கள். அவள் கேட்காதது போல நடப்பாள். கேட்டுக்கொண்டுதான் நடப்பாள்.

எண்பத்தொன்பது கடைசியில் தியாகராஜன் வந்தான். கிள்ளானில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. கழுத்துப் பட்டி, மினுக்கிய செருப்பு, ஆனால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இரண்டு பேர் காலையும் தொட்டுக் கும்பிட்டான். மறு வருஷம் சுற்றுலா ஆண்டு என்று அரசாங்கம் தடபுடல் செய்துகொண்டிருந்த நேரம். வெளிநாட்டுக்காரன் வாங்கிப் போக நம் ஊர்ச் சரக்கு வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள்.

"ஐயா, படத்தச் செவத்துல மாட்டி வெச்சா எத்தன பேரு பாக்கப் போறா? தோள்ல மாட்டணுங்கய்யா. பை, ஸ்கார்ஃப், சில்லறை பர்ஸ். ஆபீஸ் போற பொண்ணு, பாசாருக்குக் காய் வாங்கப் போற அம்மா, எல்லார் கையிலயும் உங்க படம்."

தம்புசாமி தனத்தைப் பார்த்தார். தனம் சமையலறைப் பக்கம் பார்த்தாள், ஆனால் உதட்டில் சிரிப்பு இருந்தது. தன்னை ஊரே தோளில் போட்டுக்கொண்டு போகும் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்? சரி என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து மாதிரித் துணிகள் வந்தன. ஒரே படம், மூன்று விதம். ஒன்று அசல் சிவப்பு. ஒன்று நீலம். ஒன்று வெள்ளை. தியாகராஜன் மேசையில் விரித்து வைத்தான். தம்புசாமி பட்டறைக் காலத்துப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அடேயப்பா, என்ன கவனம்! பெட்டியின் பூட்டுத் துவாரம் தெரிகிறதா, டிபன் கேரியரின் பிடி வளைந்திருக்கிறதா, விரல் ஐந்தும் பிரிந்து நிற்கின்றனவா என்று ஒவ்வொரு துணியிலும் கால் மணி நேரம் பார்த்தார். ஒரு கோடு பிசகவில்லை. "பிரமாதமா எடுத்திருக்கானுங்க" என்று சொல்லி, மூன்று துணியின் ஓரத்திலும் "பார்த்தேன், சம்மதம்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டறையில் வரைபடத்துக்கு அப்படித்தான் போடுவது வழக்கம். தனம் அப்போது காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு மேலாக மடித்திருந்ததால் அவள் அதை மட்டும் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று போய்விட்டாள்.

பை வெளியே வந்த முதல் மாதம் வீடு கல்யாண வீடு போல இருந்தது. தியாகராஜன் அனுப்பிய சிவப்புப் பையை மாட்டிக்கொண்டு தனம் கோயிலுக்குப் போனாள். ஆறு பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காய்கறி வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நேராக வந்து, பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் நின்றாள்.

"என்னாங்க, நான் எப்ப தாலி அறுத்தேன்?"

தம்புசாமி பத்திரிகையைக் கீழே போட்டார். "என்னடி பேச்சு இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"நீங்கதான சொல்லணும். கையெழுத்து உங்களுதுதான?"

அப்புறம்தான் அழுதுகொண்டே சொன்னாள். மீன் கடையில் முன்னால் நின்ற பெண்ணின் தோளில் ஒரு பை. அதில் தனம் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளைச் சேலை. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் கயிறு இல்லை. கீழே ஓரத்தில் தம்புசாமி என்று அவர் கையெழுத்து, அழகாக, கோணாமல்.

தம்புசாமி முதலில் சிரித்தார். பாவி மனுஷன், சிரிக்கிற விஷயமா அது! "அது கலர்தான் தனம். துணிக்காரன் விடுற கலர்" என்றார். அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் உள்ளே போய், தன்னிடம் இருந்த மாதிரித் துணிகளை எடுத்து விரித்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி ஒரு தடவை வந்து அவரை மிரட்டிவிட்டுப் போயிருந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அந்த மாத்திரைக் குப்பியைத் தனம் தினமும் காலையில் தொட்டுப் பார்த்து எண்ணுவாள். அந்தப் பெண்ணிடம் போய், அது கலர்தான் என்றால் எப்படி?

மறுநாளே இருவரும் பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனார்கள். தியாகராஜன் எழுந்து நின்று வரவேற்று, குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வெள்ளைப் பையை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தான்.

"அட கடவுளே. நானும் பாக்கலையே ஐயா. நூறு தடவ கையில எடுத்திருப்பேன்."

அவன்தான் விளக்கினான். அச்சு ஆலையில் ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம், அந்தச் சாயம் மட்டும் இறங்குகிற வலைச் சட்டம். கறுப்புக் கோட்டுக்கு ஒன்று, சாம்பலுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. வெள்ளை வேண்டுமென்றால் சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துவிடுவார்கள். கோடு போட்டிருந்தால் கோடாவது நிற்கும். பொட்டுக்கும் தாலிக்கயிற்றுக்கும் கோடு இல்லை. நிறம் போனதும் அவையும் போய்விட்டன.

கோடு இல்லை! முப்பத்தோரு வருஷம் கோடு போட்டவர், ஆசைக்காகக் கோடு போடாமல் விட்டது அந்த இரண்டு இடம்தான்.

"ஆலைக்காரங்க சீனவங்க, அவங்களுக்குத் தெரியாது. அம்மா, என்னைய மன்னிச்சிருங்க" என்றான் தியாகராஜன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி. அத திருப்பி வாங்கிருங்க" என்றாள் தனம்.

"நாலாயிரம் பை வெளிய போயிருச்சும்மா. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும். வெள்ளதான் ஓடுது. எந்த உடுப்புக்கும் பொருந்துதாம்லா. ஆலை மொதலாளி தவுக்கேகிட்ட நான் பேசுறேன், அடுத்த தடவ பொட்டு வெச்சு அடிப்போம்."

பேசவும் செய்தான், பொய் சொல்லக் கூடாது. ஒரு புள்ளிக்காக இன்னொரு சட்டம் போட முடியாது என்று ஆலை முதலாளி சொல்லிவிட்டார். ஐயா கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தது இதுதானே என்று மாதிரித் துணியை எடுத்துக் காட்டினாராம். பஸ்ஸில் திரும்பி வரும்போது மூன்று பெண்கள் வெள்ளைப் பையோடு ஏறினார்கள். தனம் தன் தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவர் கவனித்தார். தனம் சாப்பாட்டை முடித்ததும் வெளியே கிளம்பிவிடுகிறாள். சாயங்காலம் வியர்த்து வழியத் திரும்புகிறாள். கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். ஒன்று இரண்டு இல்லை, இருபது முப்பது அட்டை, எல்லாம் சிவப்பு.

"இத்தன பொட்டு எதுக்கு?"

"எனக்குத்தான்" என்றாள். பொய்யும் இல்லைதானே.

மறுநாள் பின்னாலேயே போனார். மெயின் ரோட்டில் சீதாலெட்சுமியின் பேன்சிக் கடை. தனம் உள்ளே போய், தொங்குகிற வெள்ளைப் பைகளை விலை பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கட்டை விரலால் அட்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்தாள், பையில் இருக்கிற நெற்றியில் வைத்து அழுத்தினாள். அடுத்த பை. அடுத்த பை. கடைக்காரி சீதாலெட்சுமி எட்டிப் பார்த்து, "என்னக்கா பண்றீங்க?" என்று அதட்டினாள். தனம் சொன்னாள். சீதாலெட்சுமி உள்ளே போய், பிரிக்காத கட்டு ஒன்றைக் கொண்டு வந்து வைத்து, தானும் ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பெண்களும் தலைகுனிந்து பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் நின்று பார்த்த தம்புசாமிக்கு உள்ளே போகக் கால் வரவில்லை.

மினி பஸ்ஸிலும் அதே வேலை. வெள்ளைப் பை மாட்டிய பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். "நல்லாருக்கேம்மா பை, எங்க வாங்குன?" என்று தடவிப் பார்ப்பாள். தடவி முடிந்தால் பொட்டு இருக்கும். சில பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், சிலர் உரித்து எறிந்திருப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். "ஒட்டுனதுல பாதி நிக்கட்டுமே" என்பாள். நாலாயிரம் பை. ஒரு நாளைக்கு முப்பது. தம்புசாமி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதை அவளிடம் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. நான் கல்லு மாதிரி இருக்கேன், பாரு" என்று மார்பைத் தட்டிக் காட்டினார் ஒரு நாள்.

"தட்டாதீங்க" என்று அலறிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் பகலில் போன் வந்தது. ஊர் நடுவில் ஒரு பெரிய கடை. போய்ப் பார்த்தால், காவலாளியின் அறையில் தனம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் ஒரு வெள்ளைப் பை, அதில் பொட்டு. சரக்கைப் பாழாக்கினாள் என்று பிடித்து வைத்திருந்தார்கள். காவலாளி பக்கிரிசாமி, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"இது என் படம். இந்தா, கையெழுத்து" என்றார் தம்புசாமி.

"ஐசி இருக்காண்ணே?"

அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். பக்கிரிசாமி பெயரைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கடைசியாகத் தனத்தின் முகத்தைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குப் புரியுதுண்ணே. சத்தியமாப் புரியுது. மேனேஜருக்கு நான் இத எந்த பாஷையில சொல்ல?"

அந்தப் பையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். இனிமேல் கடைக்குள் வரக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். அதிலும் கையெழுத்து. வெளியே வந்ததும் தனம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஒண்ணாச்சும் நம்ம வீட்டுக்கு வந்துச்சே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். தம்புசாமிக்கு அந்தக் கடையை நெருப்பு வைத்துக் கொளுத்த வேண்டும் போல இருந்தது. பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார். வேறு என்ன செய்ய?

அந்தக் கார்த்திகைக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனார்கள். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தனம் செருப்பைக் கழற்றி அந்தப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. "படி கிட்டப் போயி கழட்டேன்" என்று அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நெஞ்சுக்காரர் படி ஏறக் கூடாது என்று அவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறினாள். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"சொன்னா பலிக்காது" என்று சிரித்தாள். மாதக் கணக்கில் அந்தச் சிரிப்பைப் பார்க்காத மனிதர், மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டார்.

தனத்துக்குச் சர்க்கரை இருந்தது. பத்து வருஷமாக இருந்தது. சர்க்கரைக்காரர் காலில் முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. உள்ளங்காலில் எங்கேயோ ஒரு சில்லு கீறியிருக்கிறது. அவளுக்கே தெரியாது. தெரிந்த பிறகும் சொல்லவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, செந்தூல் கடைகளுக்கும் பங்சார் கடைகளுக்கும் பொட்டு அட்டையோடு நடந்துகொண்டிருந்தாள். வீட்டில் ஊதுபத்தி நிறையக் கொளுத்தினாள். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தார் தம்புசாமி. நாற்றத்தை மறைக்கத்தான் கொளுத்துகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டாமா? பூட்டுத் துவாரம் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டி நொண்டுவது தெரிய மூன்று வாரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் பார்த்ததும் டாக்டர் தலையை ஆட்டினார். விஷம் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார்.

நர்ஸ் வந்து, நகையெல்லாம் கழற்ற வேண்டும் என்றாள். வளையலைக் கழற்றினாள், தோட்டைக் கழற்றினாள். தாலியில் கை வைத்ததும் தனம் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "ஆப்பரேஷன் ரூல்ஸ்மா. தியேட்டர்ல விட மாட்டாங்க" என்றாள் நர்ஸ். அவளும் தமிழ்ப் பெண்தான், பாவம். கடைசியில் தனமே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து தம்புசாமியிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாத்திரைக் குப்பிக்குப் பக்கத்தில்.

ஆப்பரேஷனுக்குத் தயார் செய்து, தள்ளுக் கட்டிலில் அவளை வெளியே கொண்டுவந்தார்கள். வெள்ளை அங்கி. முகத்தைத் துடைத்திருந்தார்கள், பொட்டு போய்விட்டது. கழுத்து வெறுமையாக இருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்ததால், மடியில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தாள், யாருக்கோ காத்திருப்பது போல. இதுதான் அந்தப் பை. கோடு பிசகாமல் இதுதான்.

"அங்கிள், இங்க ஒரு சைன்" என்று நர்ஸ் அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். காலை எடுக்கச் சம்மதம்.

தனம் அவரைப் பார்த்தாள். கோபமா, கேலியா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்தத் தடவயாவது நல்லாப் பாத்துப் போடுங்க."

அவர் பார்த்தார். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. போட்டார். போடாமல் என்ன செய்வார்? கட்டில் நகர்ந்தபோது அவர் கூடவே நடந்தார். கதவுக்குப் பக்கத்தில் தனம் அவர் கையைப் பிடித்து இழுத்துக் காதருகில் சொன்னாள்:

"அழாதீங்க. நான் கேட்டது கெடச்சிரும் போல இருக்கு."

அப்போதுதான் அவருக்குப் பத்துமலையில் என்ன வேண்டுதல் என்று புரிந்தது. புரிந்து என்ன பயன், கதவு மூடிவிட்டது. கால் போனது. இரண்டு நாள் கழித்து உயிரும் போனது.

வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. வந்த பெண்கள் எல்லாரும் ஒரே பேச்சு. "குடுத்து வெச்சவ. புண்ணியவதி. பூவோட பொட்டோட போயிட்டா." கிள்ளானிலிருந்து வந்திருந்த மகள் இந்திரா அதைக் கேட்டுக் கேட்டு, அழுவதா தலையாட்டுவதா என்று தெரியாமல் நின்றாள். தனத்துக்குச் சிவப்புக் கூறைச் சேலை கட்டினார்கள். போர்வையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார்கள். புருஷன் கையால் வைக்க வேண்டும் என்று குங்குமத் தட்டை நீட்டினார்கள். தம்புசாமி தாலியை அவள் கழுத்தில் போட்டார். பிறகு மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். பொட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் வாழ்நாளில் போட்டதிலேயே மோசமான வட்டம் அதுதான். யாரோ சரி செய்ய வந்தார்கள். "தொடாதீங்க" என்று கத்திவிட்டார்.

தியாகராஜன் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றான். அவனைப் பார்க்கும்போது தம்புசாமிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பதினாறு முடிந்தது. இந்திரா தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அவள் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தார். நரைத்த முகம், பழைய சட்டை, பழைய வேட்டி. பதினாறு நாளைக்கு முன்னால் எப்படி இருந்தாரோ அப்படியே. பெண் என்றால் பொட்டை அழிப்பார்கள், பூவை எடுப்பார்கள், ஊருக்கே தெரியும். ஆம்பளைக்கு அழிக்க என்ன இருக்கிறது? தெருவில் போனால் எவனுக்கும் தெரியாது.

தனத்தின் பையில் பொட்டு அட்டைகள் மிச்சம் இருந்தன. பதினொரு அட்டை. அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மினி பஸ் ஏறினார். எங்கே போக வேண்டும் என்று இல்லை. ஏறினார்.

சாயங்கால நேரம், பஸ் பிதுங்கி வழிந்தது. அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு தமிழ்ப் பெண், ஆபீஸ் முடிந்து வருகிறவள் போல, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் தோளில் வெள்ளைப் பை. சரியாக அவர் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் தனம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. மூளி நெற்றி. கீழே அவர் கையெழுத்து.

தம்புசாமி ஒரு அட்டையை எடுத்தார். நகத்தால் உரித்தார், மூன்று தடவை நழுவி நான்காம் தடவை வந்தது. பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கையை மெல்ல நீட்டினார். பஸ் குலுங்கியது. கை அந்தப் பெண்ணின் இடுப்பில் இடித்தது.

அவள் வெடுக்கென்று திரும்பினாள். "அங்கிள்! என்ன பண்றீங்க? வயசென்ன உங்களுக்கு?"

பஸ் முழுதும் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் அங்கிருந்தே, "என்னாக்கா, ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டான். அந்தப் பெண் பையை இந்தத் தோளிலிருந்து எடுத்து அந்தத் தோளில் மாட்டிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

தனம் செய்தால் அது அக்கா பையைத் தடவிப் பார்த்தது. அவர் செய்தால் அது வேறு. ஓர் ஆண் எந்தப் பெண்ணின் பைக்கும் பக்கத்தில் போக முடியாது. நாலாயிரத்தில் ஒன்றுக்குக்கூட முடியாது. இதை அவர் முன்னாடியே யோசித்திருக்க வேண்டும். எதைத்தான் முன்னாடியே யோசித்தார்?

"அது என் சம்சாரம்மா" என்றார் தம்புசாமி. "அவ பொட்டோடதாம்மா போனா."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைத்தியமோ என்று ஒரு பார்வை பார்த்தாள். மணியை அடித்தாள். பஸ் நின்றதும் இறங்கிக் கூட்டத்தோடு நடந்து போனாள். பை அவள் தோளில் ஆடிக்கொண்டே போனது. தம்புசாமி விரல் நுனியில் பொட்டோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டான்.